ஒரு நாளும் ஓய்வெடுக்காத மனிதர்: லூ கெரிக்கும் 2130 ஆட்டங்களும்

1939ஆம் ஆண்டு ஜூன் 12. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரில் நியூயோர்க் யாங்கீஸ் பேஸ்போல் அணி ஒரு சிநேகபூர்வ ஆட்டத்தில் விளையாடியது. எதிரணி, யாங்கீஸ் நிர்வாகத்தின் கீழேயே இயங்கிவந்த ஒரு கீழ்நிலை அணி. வென்றாலும் தோற்றாலும் புள்ளிப் பட்டியலில் எதுவும் மாறாது. பெரிய நகரத்து வீரர்களை நேரில் காண வந்த மக்களுக்காகவும், அவர்கள் வாங்கும் நுழைவுச்சீட்டுப் பணத்துக்காகவும் நடத்தப்பட்ட ஆட்டம் அது.

யாங்கீஸின் அணித்தலைவர் லூ கெரிக் ஆறு வாரங்களாக எந்த ஆட்டத்திலும் இறங்கவில்லை. பந்தைப் பிடிக்கவும், மட்டையை வீசவும், நேராக ஓடவும்கூட அவரது உடல் மறுத்துக்கொண்டிருந்தது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. எனினும் அன்று அவர் களமிறங்கினார். மூன்று இன்னிங்ஸ் ஆடினார். பின்னர் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ வைத்தியசாலைக்குப் புறப்பட்டார். யாங்கீஸ் சீருடையில் அவர் ஆடிய கடைசி ஆட்டம், எந்தக் கணக்கிலும் சேராத அந்த ஆட்டம்தான்.

வலியோடு விளையாடுவதையும், ஒன்றுக்கும் உதவாத ஆட்டத்திலும் முழு மனதோடு இறங்குவதையும் விளையாட்டு உலகம் இன்றும் போற்றுகிறது. அந்தப் போற்றுதலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க, கெரிக்கின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான கதை வேறு இல்லை.

வறுமையில் பிறந்த ஒரே பிள்ளை

ஹென்றி லூயிஸ் கெரிக் 1903 ஜூன் 19இல் நியூயோர்க்கின் மன்ஹட்டன் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியிலிருந்து குடியேறியவர்கள். பிறந்த நான்கு பிள்ளைகளில் உயிர் தப்பியவர் லூ மட்டுமே. தந்தை உலோகத் தகடு வேலை தெரிந்தவர். ஆனால் நோயாலும் வேறு காரணங்களாலும் அவருக்கு நிரந்தரமாக வேலை இருந்ததில்லை. குடும்பத்தைத் தாங்கியவர் தாய் கிறிஸ்டினா. பிறர் வீடுகளில் சமைத்தும் துணி துவைத்தும் அவர் மகனை வளர்த்தார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்றிலும் சமையல் வேலை செய்தார். மகன் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தபோது தாய்க்கு அது பெரும் வெற்றியாக இருந்தது.

அந்தப் படிப்பு முடியவில்லை. 1923இல் பெற்றோரின் நோயும் மருத்துவச் செலவும் வீட்டை நெருக்கிய வேளையில் யாங்கீஸ் அணி 1500 டொலர் முன்பணத்துடன் ஒப்பந்தம் தர முன்வந்தது. மகன் கையொப்பமிட்டார். பந்து விளையாட்டை ஒரு தொழிலாகவே மதிக்காத தாய்க்கு அது ஏமாற்றம். மகனுக்கோ வீட்டில் அடுப்பெரிய வழி அது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர் அவர்.

இன்னொருவர் இழந்த இடம்

எங்கள் பாடசாலை மைதானங்களில் எல்லே ஆடியவர்களுக்கு பேஸ்போலின் அடிப்படை புதிதல்ல. பந்தை அடித்துவிட்டு, தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். முதலாம் தளத்தில் நின்று மற்றவர்கள் எறியும் பந்தைப் பிடித்து எதிரணியினரை ஆட்டமிழக்கச் செய்பவரின் இடம் முக்கியமானது. 1925இல் யாங்கீஸ் அணியில் அந்த இடம் வோலி பிப் என்ற அனுபவசாலிக்கு உரியதாக இருந்தது.

அந்த ஆண்டு ஜூன் 1இல் கெரிக் இன்னொருவருக்குப் பதிலாக ஒரு முறை மட்டும் மட்டை பிடித்தார். மறுநாள், ஜூன் 2இல், பிப்பின் இடத்தில் அவர் நிறுத்தப்பட்டார். பிப் தலைவலி என்று சொல்லி ஒரு நாள் ஓய்வு கேட்டார், அத்தோடு தன் இடத்தை நிரந்தரமாக இழந்தார் என்ற கதை பின்னர் பரவியது. உண்மையில் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்ததால் முகாமையாளர் மில்லர் ஹக்கின்ஸ் செய்த மாற்றங்களில் ஒன்றே அது. ஒரு மாதம் கழித்துப் பயிற்சியின்போது பிப்பின் தலையில் பந்து பட்டு அவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். இரண்டு சம்பவங்களும் கலந்துதான் தலைவலிக் கதை பிறந்தது.

ஆனாலும் அந்தக் கதை அமெரிக்க விளையாட்டு உலகில் ஒரு பாடமாகவே நிலைத்துவிட்டது. ஒரு நாள் ஒதுங்கினால் உன் இடம் போய்விடும் என்பதே அந்தப் பாடம். அதன் உண்மையை கெரிக்கை விட நன்றாக அறிந்தவர் யாராக இருக்க முடியும்? அவருடைய இடமே இன்னொருவர் இழந்த இடம். அக்கால ஒப்பந்தங்களும் அந்த அச்சத்தை வளர்த்தன. அணி விரும்பாமல் ஒரு வீரர் வேறு அணிக்குச் செல்ல முடியாது. ஒவ்வொரு ஆண்டும் சம்பளம் புதிதாகப் பேசப்படும். காயமடைந்தவர் வெளியே அனுப்பப்பட்டால் கேட்க ஆளில்லை.

அன்று தொடங்கிய கெரிக்கின் வரிசை 14 ஆண்டுகள் முறியவில்லை. 1933 ஓகஸ்ட் 17இல் 1308ஆவது தொடர்ச்சியான ஆட்டத்தில் இறங்கி, எவரெட் ஸ்கொட்டின் பழைய சாதனையைக் கடந்தார்.

வெறும் எண்ணிக்கை அல்ல

வராமல் இருந்ததில்லை என்பதற்காக மட்டும் கெரிக் நினைக்கப்படவில்லை. 1927இல் பேப் ரூத் 60 ஹோம் ரன்கள் அடித்துப் புகழின் உச்சியில் நின்ற அதே பருவத்தில் கெரிக் 47 அடித்தார். லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. 1932 ஜூன் 3இல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். 1934இல் துடுப்பாட்டச் சராசரி, ஹோம் ரன்கள், அணிக்குப் பெற்றுக்கொடுத்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் லீக்கில் முதலிடம் பெற்றார். அவர் ஆடிய காலத்தில் யாங்கீஸ் ஆறு உலகத் தொடர்களை வென்றது. ரூத் ஆரவாரமானவர். கெரிக் அமைதியானவர், வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகிறவர். பத்திரிகைகள் அவரை இரும்புக் குதிரை என்று அழைத்தன.

அடிபட்ட மறுநாள்

அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த விலையை 1934ஆம் ஆண்டின் இரண்டு வாரங்கள் காட்டுகின்றன.

அக்காலத்தில் பெரிய அணிகள் ஓய்வு நாட்களில் சிறு நகரங்களுக்குச் சென்று உள்ளூர் அணிகளோடு சிநேகபூர்வ ஆட்டங்கள் ஆடும். அதில் வரும் பணம் அணி உரிமையாளருக்கு மேலதிக வருமானம். கெரிக்கின் தொடர் சாதனையில் இந்த ஆட்டங்கள் சேர்வதில்லை. அங்கே அவர் ஓய்வெடுத்திருந்தால் எதையும் இழந்திருக்க மாட்டார். எனினும் ரசிகர்கள் பார்க்க வந்தது ரூத்தையும் கெரிக்கையும்தான்.

1934 ஜூன் 29இல் வேர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரில் நடந்த அத்தகைய ஓர் ஆட்டத்தில், வேகமாக வந்த பந்து கெரிக்கின் தலையில் பட்டது. துடுப்பாட்டக்காரர்கள் தலைக்கவசம் அணியாத காலம் அது. அவர் நினைவிழந்து விழுந்தார். எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்தது. மறுநாள் வொஷிங்டனில் அவர் களத்தில் நின்றார். மழை வந்து ஆட்டம் கைவிடப்படுவதற்குள், மூன்றாம் தளம் வரை ஓடவைக்கும் அடிகள் மூன்றை அடித்திருந்தார். மழையால் அந்த அடிகள் பதிவேட்டில் ஏறவில்லை. இன்று அதே லீக்கில் தலையில் அடிபட்டு மூளை அதிர்வுக்குள்ளாகும் வீரருக்கென 2011இல் கொண்டுவரப்பட்ட 7 நாள் ஓய்வுப் பட்டியல் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 13இல், டெட்ரொயிட் நகரில் இடுப்பு வலி அவரை மடக்கியது. நிமிர முடியாமல் ஆட்டத்தின் நடுவே வெளியேறினார். மறுநாள் அணியின் பட்டியலில் முதலாவது துடுப்பாட்டக்காரராக அவர் பெயர் எழுதப்பட்டது. வந்தார், ஒரு பந்தை அடித்தார், முதலாம் தளத்தை அடைந்தார். உடனே அவருக்குப் பதிலாக வேறொருவர் ஓட அனுப்பப்பட்டார். ஆட்டத்தில் பங்கெடுத்ததாகக் கணக்கு வந்துவிட்டது, தொடரும் காப்பாற்றப்பட்டது.

இதைப் படிக்கும்போது மனம் இரண்டாகப் பிரிகிறது. இது மனவுறுதியா, எண்ணுக்கு அடிமையான நிலையா? அன்றே இக்கேள்வி எழுந்தது. 1937இல் பேப் ரூத், கெரிக் இந்தத் தொடரை விட்டுவிட்டு இடையிடையே ஓய்வெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கால்கள் தாங்காது என்று வெளிப்படையாகவே விமர்சித்தார். 1938 மே 31இல் 2000ஆவது ஆட்டத்துக்கு முன், மனைவி எலினோர் 1999 என்ற எண்ணோடு நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டார். அந்த எண்ணைத்தான் மக்கள் மறக்கமாட்டார்கள் என்பது அவர் வாதம். கெரிக் கேட்கவில்லை. மைதானத்துக்குப் போய் ஆடிவிட்டு, தனக்கு அணிவிக்கப்பட்ட குதிரைலாட வடிவ மலர்மாலையோடு வீடு திரும்பினார்.

பிற்காலத்தில் அவருடைய கைகளை எக்ஸ்ரே எடுத்தபோது, தானாகவே ஆறிப்போன 17 எலும்பு முறிவுகளின் தடங்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்றுக்காகவும் அவர் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை.

யாரும் சொல்லத் துணியாதது

1938 பருவத்தில் அவரது சராசரி பல ஆண்டுகளில் முதல் தடவையாக .300க்குக் கீழே இறங்கியது. அந்த ஆண்டு அவரது சம்பளம் 39,000 டொலர். அதுவரை அவர் பெற்றதில் அதுவே அதிகம். வயது 35, களைப்பாக இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதே பழக்கமாகிவிட்ட ஒரு மனிதருக்கு, இந்தத் தளர்ச்சி வேறு வகையானது என்று எப்படித் தெரியும்? அவர் மேலும் கடுமையாகப் பயிற்சி செய்தார்.

1939இல் உடை மாற்றும் அறையில் நின்றபடியே தடுமாறி விழுந்தார். முகாமையாளர் ஜோ மக்கார்த்தி பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவரை நிறுத்தவில்லை. அந்த முடிவை கெரிக்கே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். அது மரியாதைதான். அதேவேளை, உண்மையைச் சொல்லும் சுமை நோயாளியின் தலையிலேயே விழுந்தது.

முதல் எட்டு ஆட்டங்களில் நான்கு அடிகள் மட்டுமே. ஏப்ரல் 30இல் மிகச் சாதாரணமான ஒரு பந்தைப் பிடித்து எதிரணி வீரரை ஆட்டமிழக்கச் செய்தபோது சக வீரர்கள் அவரைப் பாராட்டினார்கள். சிறுபிள்ளைகூடச் செய்யும் வேலைக்குப் பாராட்டுக் கிடைக்கும் நிலைக்குத் தான் வந்துவிட்டதை அவர் அந்தக் கணத்தில் உணர்ந்தார். மே 2இல் டெட்ரொயிட்டில், அணியின் நலனுக்காகத் தன்னை நீக்கிவிடும்படி தானே மக்கார்த்தியிடம் கேட்டார். அணித்தலைவர் என்ற முறையில் தன் பெயர் இல்லாத பட்டியலைத் தானே நடுவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒலிபெருக்கியில் செய்தி அறிவிக்கப்பட்டதும் எதிரணி ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். அவர் இருக்கையில் அமர்ந்து அழுதார். யாங்கீஸ் அன்று 22–2 என வென்றது. தொடர் 2130இல் நின்றது.

பிறந்தநாளில் வந்த முடிவு

ஜூன் 19, அவரது 36ஆவது பிறந்தநாள். அன்று மேயோ வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொன்னார்கள்: ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாக அழியும் நோய் அது. உடல் செயலிழக்கும், பெரும்பாலானோருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். பௌதிகவியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங்கைப் பல்லாண்டுகள் சக்கர நாற்காலியில் வைத்திருந்ததும், 2014இல் தலையில் பனிக்கட்டி நீர் ஊற்றும் சவால் மூலம் உலகம் முழுவதும் பேசப்பட்டதும் இதே நோய்தான். அமெரிக்காவில் அது இன்றும் லூ கெரிக் நோய் என்றே அறியப்படுகிறது.

ஜூலை 4இல் யாங்கி அரங்கில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் அவருக்கு விடை கொடுக்கப்பட்டது. தன்னை அதிர்ஷ்டசாலி என்று குறிப்பிட்டு, தாய் தந்தையருக்கும் மனைவிக்கும் சக வீரர்களுக்கும் நன்றி கூறி அவர் ஆற்றிய சிறிய உரை அமெரிக்க வரலாற்றில் இடம்பிடித்தது. சில வருடங்களாகப் பேசிக்கொள்ளாமல் இருந்த ரூத் அன்று வந்து அவரைக் கட்டியணைத்தார். கெரிக்கின் 4ஆம் இலக்கச் சீருடை இனி எவருக்கும் இல்லை என்று அணி அறிவித்தது.

அதன் பிறகும் அவர் வீட்டில் முடங்கவில்லை. நியூயோர்க் நகர மேயர் லகார்டியா அவரைக் கைதிகளின் நன்னடத்தை விடுதலையைத் தீர்மானிக்கும் ஆணையாளர்களில் ஒருவராக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 5700 டொலர். பேனா பிடிக்க முடியாமல் போகும் நிலையிலும் அவர் அலுவலகம் சென்றார். 1941 ஜூன் 2இல், 37 வயதில், இறந்தார். வோலி பிப்பின் இடத்தில் அவர் முதன்முதல் நின்ற நாளிலிருந்து சரியாக 16 ஆண்டுகள்.

விடை கிடைக்காத கேள்வி

அவர் வலியோடு ஆடியதால்தான் இந்த நோய் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்கு ஏ.எல்.எஸ். போன்ற நரம்புச் சிதைவு ஏற்படலாம் என்று எழுதியபோது, நோர்போக்கில் விழுந்த அந்த அடி மீண்டும் பேசப்பட்டது. கெரிக்கின் உடல் தகனம் செய்யப்பட்டதால் அதைச் சோதித்துப் பார்க்க இனி வழியில்லை.

கெரிக்கின் சாதனையை 1995 செப்டெம்பர் 6இல் கல் ரிப்கன் முறியடித்தார். 2632 ஆட்டங்கள் வரை சென்றபின், 1998இல் ஒரு நாள், உடல் நலமாக இருந்தபோதே, இன்று வேண்டாம் என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டார். மறுநாள் அவருடைய இடம் அவருக்காகக் காத்திருந்தது. அந்த உறுதி கெரிக்குக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

காய்ச்சலோடு வேலைக்கு வருபவரை நல்ல தொழிலாளி என்று நாமும் பாராட்டுகிறோம். அவர் வேலையின் மீதுள்ள அன்பினால் வருகிறாரா, ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தினால் வருகிறாரா என்று அதிகம் கேட்பதில்லை. கெரிக்கிடம் இரண்டும் இருந்தன. கன்சாஸ் சிட்டியில் எந்தக் கணக்கிலும் சேராத அந்த மூன்று இன்னிங்ஸை அவர் எதற்காக ஆடினார் என்பதற்கு, தன்னைப் பார்க்க வந்தவர்கள் வெறுமனே திரும்பக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் கண்டுபிடிப்பது கடினம். அவரைப் போற்றுவோம். ஆனால் அவரை நிறுத்தியிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.