அட்கின்: போர்க்கால நீதிமன்றத்தில் ஒற்றைக் குரல்

சட்ட மாணவர்கள் அட்கின் பிரபுவை, பானப் புட்டியில் நத்தை கிடந்த 1932ஆம் ஆண்டு வழக்கின் வழியாகவே அறிவர். அவரது துணிவு வெளிப்பட்டது ஒன்பது ஆண்டுகள் கழித்து.

1867இல் பிரிஸ்பேனில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, வேல்ஸில் வளர்ந்தவர் அவர். 1928இல் பிரபுக்கள் சபையின் நீதிபதியானார்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் 18பி விதி, ஒருவர் ஆபத்தானவர் என நம்ப நியாயமான காரணம் இருந்தால் விசாரணையின்றி அடைத்துவைக்க உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. 1940இல் அவ்வாறு அடைக்கப்பட்ட ராபர்ட் லிவர்சிட்ஜ் வழக்குத் தொடுத்தார். எதிர்வாதி, முன்னாள் வங்காள ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன். காலனியில் பழகிய கை, தாயகத்திலும் நீண்டது என்பேன்.

1941 நவம்பர் 3 அன்று தீர்ப்பு வந்தது. அமைச்சர் நல்லெண்ணத்துடன் நம்பினாலே போதும் என்றனர் நால்வர். காரணம் உண்மையில் இருந்ததா என்பதை நீதிமன்றமே ஆராய வேண்டும் என்றார் அட்கின் ஒருவர் மட்டும். சொல்லுக்குத் தான் விரும்பிய பொருளைத் தரும் ஹம்ப்டி டம்ப்டியோடு சக நீதிபதிகளின் வாதத்தை ஒப்பிட்டார். அப்பகுதியை நீக்குமாறு சைமன் பிரபு முன்கூட்டியே வேண்டியும் அவர் இணங்கவில்லை. அவரோடு அமர்ந்து தீர்ப்பளித்த மாம் பிரபு, டைம்ஸ் நாளேட்டில் கண்டனக் கடிதமே எழுதினார்.

அட்கின் 1944இல் மறைந்தார். அவரது நிலைப்பாட்டைப் பிரபுக்கள் சபை 1979இல் ஏற்றது. இடையில், 1976இன் ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் நால்வர் நெருக்கடிநிலை அரசின் பக்கம் சாய்ந்தனர், எச்.ஆர். கன்னா தனித்து நின்றார். அத்தீர்ப்பு 2017இல்தான் நீக்கப்பட்டது. குண்டர் தடுப்புச் சட்ட ஆணைகளோடு நீதிமன்றப் படியேறும் எங்களை இன்றும் எதிர்கொள்வது, அதிகாரியின் மனநிறைவு என்னும் அதே சுவர்.