தேர்வில் தவறியவர் எழுதிய ஏடு

மாதச் சம்பளம் 30 ரூபாய். வேலை, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1912 ஆம் ஆண்டில் அங்கே மூட்டை சுமந்த தொழிலாளர்கள், சரக்குக் கட்டி வந்த தாளைத் தேடிப் பொறுக்கும் ஓர் இளைஞரைக் கண்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் அந்தத் தாள்!

சீனிவாச இராமானுஜனைத்தான் சொல்கிறோம். மேதை என்று சொல்லி மாலை போடுவதோடு நிறுத்திக்கொள்வது நாட்டு வழக்கம். நாம் இன்று காண விரும்புவது மாணவர் இராமானுஜனை.

1887 இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடைக் கணக்கர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு நுழைந்தவர், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார், உதவித்தொகை பறிபோயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி; மறுபடியும் தோல்வி! உருப்படாத பிள்ளை என்று ஊர் பேச இதைவிட வேறென்ன வேண்டும்?

தாள் வாங்கக் காசில்லை. பலகையில் எழுதினார், முழங்கையாலேயே அழித்தார், முடிவை மட்டும் நோட்டில் குறித்தார். அவர் கையில் கிடைத்திருந்த கார் என்பவரின் நூலும் ஆயிரக்கணக்கான தேற்றங்களை நிரூபணமின்றி அடுக்கிய நூலே. இதனால் விடைகள் நோட்டில் தங்கின, வந்த வழி முழங்கையோடு போயிற்று. நாமகிரித் தாயார் கனவில் தந்தாள் என்பர். அது அவருடைய நம்பிக்கை, இருக்கட்டும். முழங்கை கறுத்தது கனவிலே அல்லவே!

1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். உரிய தகுதித் தேர்வு எதுவும் தேறாதவரை அவ்வாண்டு சூனில் ஆய்வு மாணவராகப் பதிவு செய்துகொண்டது கேம்பிரிட்ஜ். 26 வயதில், இரு முறை தவறியவர், மீண்டும் மாணவர்!

அங்கேதான் உண்மைச் சோதனை. விடை போதாது, வழியைக் காட்டு என்றது ஆய்வேடு. அழித்துப் பழகிய கை, இப்போது படிப்படியாக எழுதியாகவேண்டும். பகா எண்களைப் பற்றி அவர் உறுதியாக நம்பிய சில முடிவுகள் பிழை என்றும் தெரிய வந்தன. ஹார்டிக்கும் சங்கடம், அதட்டித் திருத்தினால் ஊற்றே அடைபட்டுவிடுமோ என்ற கவலை. ஆசிரியர்கள் எல்லோர்க்கும் இந்தக் கவலை இருப்பதில்லை.

எடுத்துக்கொண்ட பொருள் என்ன? பழைய அணாவை நினைத்துப் பாருங்கள். 12 தம்பிடி ஓர் அணா. இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர், ஆறு பேர், யார் பங்கிட்டாலும் மிச்சமில்லை. 12 ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. அடுத்தபடி 24, அதற்கு எட்டு. இத்தகைய எண்கள் எப்படி அமைகின்றன, எவ்வளவு விரைவில் பெருகுகின்றன என்பதே ஆராய்ச்சி. கூலி பங்கிடுகிற எவருக்கும் புரியும் கேள்வி. விடையோ பெரும் பேராசிரியர்களைத் திகைக்க வைத்தது.

வெளியே உலகப் போர். அறையிலே தாமே சமைத்த மரக்கறி உணவு, பழகாத குளிர். 1915 இல் அந்தக் கட்டுரை இலண்டன் கணிதச் சங்க வெளியீட்டில் வந்தது. சங்கத்துக்குப் பண முடை, பின்பகுதியை அச்சிடவில்லை. சென்னையில் தாள் பஞ்சம், இலண்டனில் அச்சுப் பஞ்சம்! விடுபட்ட பகுதி பல பத்தாண்டுகள் கழித்தே வெளிவந்தது.

1916 மார்ச் 16. ஆய்வேட்டின் பேரில் பி.ஏ. பட்டம் கிடைத்தது. எஃப்.ஏ. தேறாதவர் கேம்பிரிட்ஜ் பட்டதாரி! அவர் அடியோடு மாறிவிட்டார் என்று நாம் சொல்லமாட்டோம். முடிவு முன்னே பாய்வதும் நிரூபணம் பின்னே வருவதும் கடைசிவரை அவர் இயல்பு. ஆனால் நிரூபணம் என்றால் என்ன என்பதை அறிந்துகொண்டார்.

1917 இல் நோய் பிடித்தது. 1918 இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1919 இல் மெலிந்த உடலோடு திரும்பினார். 1920 சனவரியிலும் ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 இல் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.