விளையாட்டுக்கு ஒரு வாத்தியார்

அமெரிக்காவில் 1884-ல் பிறந்தவர் ஹாரி பக். 1919-ல் சென்னைக்கு வந்தார்.

அந்நாளில் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி என்றால் டிரில்தான். பந்தயம் வந்தால் கெட்டிக்காரப் பையன்கள் சிலர் ஓடுவார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

பக் துரைக்கு இது பிடிக்கவில்லை. கோப்பை ஒருவனுக்குத்தான், உடல்நலமும் ஒழுக்கமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று கருதினார். அதற்கு நல்ல ஆசிரியர்கள் தேவை. 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் ஐந்தே பேர்!

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்றார். பதக்கம் கிடைக்கவில்லை. அவரோ மறுபடியும் ஆசிரியர்களை உருவாக்கும் வேலைக்கே திரும்பினார்.

1943-ல் சென்னையிலேயே காலமானார். அவருடைய பள்ளி இன்று நந்தனத்தில் கல்லூரியாக விளங்குகிறது.

ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ, கடைசியாக ஓடிவரும் சிறுவனையும் ஒரு வாத்தியார் தட்டிக்கொடுத்தால், அது பக் துரை நட்ட பயிர்.