புற்றைத் திறந்து பார்த்த மருத்துவர்

குப்பம் வட்டாரத்தில் மழை பெய்து ஓய்ந்த பின், புற்றுகளின் அருகே வெண்குடைகள் போலக் காளான்கள் எழுவதுண்டு. தமிழர் அவற்றைப் புற்றுக்காளான் என்பர். தெலுங்கில் காளானுக்குப் புட்டகொடுகு என்று பெயர்; புற்றுக்குடை என்பது அதன் பொருள். இவ்வாறு இரு மொழியினரும் காளானையும் புற்றையும் இணைத்தே பெயரிட்டனர். அவ்விணைப்பின் காரணத்தைப் புற்றுக்குள் தேடியவர் ஜோகன் கெரார்டு கோனிக் என்னும் மருத்துவர்.

கோனிக், 1728ஆம் ஆண்டு பால்டிக் கடலை ஒட்டிய லிவோனியாவில் பிறந்தார். உயிரினங்களுக்கு இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயசிடம் சுவீடன் நாட்டில் பயின்றார். 1768இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். நோயாளிகளைக் கவனித்ததோடு, காடுமேடுகளில் அலைந்து செடிகொடிகளைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். பின்னர் ஆர்க்காட்டு நவாப்பிடம் இயற்கை ஆய்வாளராகப் பணிபுரிந்தார்.

தஞ்சைப் பகுதியில் கறையான் புற்றுகளை அவர் திறந்து ஆராய்ந்தார். உள்ளே பூஞ்சை வளரும் அறைகளைக் கண்டார். இது பற்றிய அவரது கட்டுரை 1779இல் பெர்லினில் வெளிவந்தது. கறையானுக்கும் பூஞ்சைக்கும் உள்ள உறவை உலகுக்கு முதலில் அறிவித்தது அக்கட்டுரையே.

கறையான்கள் உழவரைப் போன்றவை. காய்ந்த இலையையும் மரத்தையும் மென்று, கழிவைக் கொண்டு பஞ்சு போன்ற அடை கட்டுகின்றன. அதில் வளரும் பூஞ்சை, மரத்தின் கடினப் பகுதியைச் சிதைத்துக் கறையானுக்கு உணவாக்குகிறது. மழைக்காலத்தில் அவ்வடையிலிருந்தே காளான் மேலெழுகிறது. அதனால் புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு, மண்ணுக்கடியில் உள்ள அடையைத் தொடுகிறது. 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம், இவ்வினத்திற்கு டெர்மிட்டோமைசிஸ் எனப் பெயரிட்டார்.

குடையை மட்டும் பார்த்துக் காளானை அறிய இயலாது. புல்வெளியில் முளைக்கும் நச்சுக்காளான் ஒன்றும் வெண்மையாகவே தோன்றும். முதிர்ந்த பின்னரே அதன் செவுள்கள் பச்சை நிறம் பெறும். அதனை உண்டவர் கடும் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புறுவர். வெள்ளிக் காசு கறுக்காவிடில் நஞ்சில்லை என்னும் நம்பிக்கை தவறானது. எனவே, இயற்கை உலாவில் காணும் காளானை வரைந்து கொள்ளலாம். முளைத்த இடம், செவுளின் நிறம், தண்டின் அமைப்பு ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளலாம். ஒருபோதும் சுவைத்துப் பார்த்தல் கூடாது.

கோனிக் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, சயாம், மலாக்கா ஆகிய நாடுகளிலும் ஆய்வு செய்தார். 1785இல் காக்கிநாடா அருகே நோயுற்றார். மருத்துவரும் தாவரவியலாளருமான ராக்ஸ்பர்க் மருத்துவம் பார்த்தும் பயனின்றி, அங்கேயே உயிர் நீத்தார். இறக்குமுன் தம் குறிப்புகளை இலண்டனில் இருந்த ஜோசப் பேங்க்சுக்கு உரியனவாக்கினார்.

நம் வீடுகளில் நாள்தோறும் தாளிக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் கோனிக்கின் பெயர் இன்றும் வாழ்கிறது. அப்பெயரைச் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லின்னேயசு.

சொற்பொருள்

அடை – கூட்டின் உள்ளமைப்பு
செவுள் – காளான் குடையின் அடியிலுள்ள மெல்லிய மடிப்பு
வட்டாரம் – சுற்றுப்பகுதி

வினாக்கள்

1. புட்டகொடுகு என்னும் சொல்லின் பொருள் யாது?
2. புற்றுக்காளானின் தண்டு நீண்டிருப்பது ஏன்?
3. காட்டுக்காளானைச் சுவைத்துப் பார்த்தல் கூடாது என்பதற்குக் காரணம் கூறுக.