சுந்தரம் கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954 - 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுனரும் பந்தய வண்டி வடிவமைப்பாளரும் ஆவார். இலட்சுமி ஆலைக் குடும்பத்தில் பிறந்த இவர், பந்தய உலகில் கரி என்ற பெயரில் அறியப்பட்டார்.

மாருதி எஞ்சின் வண்டி

சென்னையை அடுத்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்ற காலத்தில், வெளிநாட்டுப் பந்தய வண்டிகளை வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. இக்குறையை நீக்க, மாருதி 800 காரின் மூன்று உருளைகள் கொண்ட 796 சிசி எஞ்சினைப் பயன்படுத்தி ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கரிவரதன் உருவாக்கினார். காரின் முன்புறம் இருந்த எஞ்சின், இவ்வண்டியில் ஓட்டுனருக்குப் பின்னால் பொருத்தப்பட்டது. எஞ்சினும் அதன் கார்புரேட்டரும் உள்நாட்டில் கிடைத்தமையால் செலவு குறைந்தது. அனைவரும் ஒரே வகை எஞ்சினுடன் போட்டியிட்டதால், பணத்தைவிட ஓட்டும் திறனே முன்னின்றது. இப்போட்டி பார்முலா மாருதி எனப்பட்டது. 2005 இல் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் இவ்வகை வண்டியையே ஓட்டினார்.

மறைவும் நினைவும்

கரிவரதன் 1995 ஆம் ஆண்டு விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 41. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடத்துக்கு இவரது நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீடுவே எனப் பெயரிடப்பட்டது.