வழக்குமன்றும் ஆடரங்கும்: பம்மல் சம்பந்தனார்

பழைய தரும நூல்கள், வழக்குமன்றிலே சான்று கூறத் தகாதவர் யாவர் என வகுத்துரைக்கும் இடத்திற் கூத்தரையும் அவ்வரிசையிற் சேர்த்து வைத்துள்ளன. மநு நூலின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டுவோர் இதனைக் காணலாம். தன்னைப் பிறனொருவனாகக் காட்டுதலையே தொழிலாகக் கொண்டவன் சொல்லை மெய்யென்று எங்ஙனம் கொள்வது என அந்நூலோர் ஐயுற்றனர் போலும். அவ்விதியின் நிழல் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நெடுங்காலம் நீங்காது கிடந்தது. கூத்தாடி என்பது தொழிற்பெயராய் நில்லாது வசைச்சொல்லாயிற்று. இத்தகைய சமுதாயத்திலே, முகத்தில் அரிதாரம் பூசி மேடையேறிய ஒருவர், சான்று கூறும் கூண்டில் அன்று, தீர்ப்புக் கூறும் ஆசனத்திலேயே அமர்ந்தார். அவரே பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியார்.

சம்பந்தனார் 1873ஆம் ஆண்டிற் சென்னையிற் பிறந்தார். பம்மல் அவர்தம் முன்னோர் ஊர். தந்தையார் விஜயரங்க முதலியார், தாயார் மாணிக்கவேலம்மாள். அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1872இலேதான் இந்தியச் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. வினாவை உணர்ந்து அறிவோடு விடை கூற வல்லார் எவரும் சாட்சியாகலாம் என்பது அச்சட்டத்தின் துணிபு. ஒருவன் செய்யும் தொழில் அவன் வாயை அடைக்கமாட்டாது என்று சட்டம் கூறிவிட்டது. ஊர் வாய் மட்டும் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த இடைவெளியிலேதான் சம்பந்தனார் வாழ்வு முழுவதும் நடந்தது எனலாம்.

இளமையில் அவருக்குத் தமிழ் நாடகத்தின்மீது பற்று இருந்ததில்லை, வெறுப்பே இருந்தது. அக்காலத்து மேடையில் இரவெல்லாம் பாட்டே ஓங்கி ஒலித்தது. அரசன் அழுதாலும் பாட்டு, தோழி தூது சென்றாலும் பாட்டு. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞருக்கு அது சலிப்பூட்டியதில் வியப்பில்லை. 1891ஆம் ஆண்டிற் பல்லாரியிலிருந்து சரசவிநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினர். அவர்களுக்குத் தலைவராய் நின்றவர் தருமவரம் இராமகிருஷ்ணமாச்சாரியார். அவர் ஒரு வழக்கறிஞர். கற்றோரும் மதிப்புடைய தொழில் செய்வோரும் வெட்கமின்றி வேடம் புனைந்து ஆடுதலைப் பதினெட்டு வயது இளைஞர் கண்டார். தெலுங்கிற் கூடுவது தமிழிற் கூடாதோ என்ற வினா அவர் உள்ளத்திற் புகுந்தது. அவ்வாண்டிலேயே நண்பர் சிலரைச் சேர்த்துச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். 1893இல் அவர் எழுதிய புஷ்பவல்லி அரங்கேறிற்று. 1895இல் மனோகரா பிறந்தது.

சபையின் வரலாறு பலரும் அறிந்ததே, விரிக்க வேண்டுவதில்லை. வழக்கறிஞர், ஆசிரியர், அரசாங்க அலுவலர் முதலியோர் அதில் உறுப்பினராயினர். பிற்காலத்தில் நாட்டு விடுதலைப் போரிற் பெரும் பேச்சாளராய் விளங்கிய சத்தியமூர்த்தி அம்மேடையில் வேடம் தாங்கியவரே. கூத்தாடி என்று இகழ்ந்த வாயே, மாலையில் விக்டோரியா மண்டபத்து வாயிலில் நுழைவுச் சீட்டுக்கு நின்றது. சம்பந்தனார் சட்டம் பயின்று 1898இல் வழக்கறிஞரானார். பகலிலே நீதிமன்றம், மாலையிலே ஒத்திகை என அவர் நாட்கள் சென்றன.

இங்கே என் கதையொன்றை இடையிற் கூற வாசகர் பொறுத்தருள வேண்டும். ஹந்தானைச் சாரலில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன், தன் பாட்டனாரோடு அமர்ந்து பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றைப் பார்த்து வருகின்றான். 1957 முதல் 1966 வரை வெளிவந்த பெரி மேசன் என்னும் வழக்குமன்றத் தொடர் அது. வண்ணமில்லை, ஓட்டமில்லை, சண்டையில்லை. ஓர் அறை, ஒரு கூண்டு, சில வினாக்கள், சில விடைகள். அறுபது ஆண்டு கடந்தும் இதனை ஏன் விடமுடியவில்லை, ஐயா, என்று ஒருநாள் என்னை வினவினான். பண்டிதனுக்கு வேறு விடை ஏது? சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை எடுத்து வைத்தேன்.

பாண்டியன் அவையிலே கண்ணகி நிற்கின்றாள். கோவலன் கள்வன் அல்லன் என்பது நமக்குத் தெரியும். பொற்கொல்லனே கள்வன் என்பதும் தெரியும். அரியணையில் இருப்பவனுக்கு மட்டும் தெரியாது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகி சிலம்பில் மாணிக்கம். அச்சிலம்பு உடைந்து பரல் தெறிக்கும் வரை நாம் மூச்சடக்கி இருக்கின்றோம். உண்மையை அறியவன்று; அறிந்த உண்மை நீதிபதியின் செவிக்கு எட்டுமோ எட்டாதோ என்று அறியவே. சேக்கிழார் கூறும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கும் இத்தகையதே. மூல ஓலையைக் காட்டி, பாட்டனார் கையெழுத்தை ஒத்துப் பார்த்து, அவையத்தார் முடிபு கூறுகின்றனர். இக்காலத்து எழுத்தாய்வு வல்லுநரும் அதற்குமேல் என் செய்வார்? வந்த கிழவேதியர் யாரென்பது கேட்போர்க்கெல்லாம் தெரியும். அவையத்தார்க்கும் வழக்காடிய நம்பியாரூரர்க்கும் தெரியாது. கண்டி மாநகரிலே தலதா மாளிகைக்கு அண்மையிற் பத்தினித் தேவாலயம் இருக்கின்றது. எசல பெரஹராவிலே பத்தினி தெய்வத்தின் ஊர்வலமும் ஆண்டுதோறும் செல்கின்றது. வழக்காடி வென்ற ஒரு பெண்ணுக்கு மொழி வேறுபாடின்றி மக்கள் விளக்கேற்றும் நகரிலே இருந்துகொண்டு, நீதிமன்றக் காட்சி ஏன் இனிக்கின்றது என்று நாம் கேட்க வேண்டுவதில்லை.

இனிச் சம்பந்தனாரிடம் மீள்வோம். வழக்குமன்றக் காட்சிக்கு இன்றியமையாதது ஒன்றுண்டு, அஃது உரையாடல். குறுக்கு வினாவைப் பாட்டாற் கேட்க இயலாது. கேட்டால் சாட்சி தப்பிவிடுவான். பாட்டிலே மூழ்கிக் கிடந்த தமிழ் மேடைக்கு உரைநடைப் பேச்சைப் பெருவழக்காக்கியது சம்பந்தனாரின் தலையாய பணி. இதனை அவர் வழக்கறிஞராகும் முன்னரே தொடங்கிவிட்டார்; ஆயினும் நீதிமன்றப் பயிற்சி அவர் பேச்சுக்குக் கூர்மை தந்திருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம். மாணவப் பருவத்தில் யான் அவர் நடையை இகழ்ந்ததுண்டு. வடசொல் மிகுதி, இலக்கணப் பிழையும் ஆங்காங்கு உண்டு. பண்டிதர் வகுப்பிலே மனோகராவைக் கையிலேந்தியவனை ஆசிரியர் புருவம் நெரித்து நோக்குவார். பின்னர் மாணவர்க்கு அதனை வாய்விட்டுப் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலேதான், அவ்வசனம் கண்ணுக்கு எழுதப்பட்டதன்று, நாவுக்கு எழுதப்பட்டது என உணர்ந்தேன்.

மனோகராவின் நடுநாயகமான காட்சியும் ஒருவகையில் வழக்கே. இரும்புச் சங்கிலி பூட்டப்பட்ட இளவரசன் அரசவை முன் நிறுத்தப்படுகின்றான். தீர்ப்புக் கூற வேண்டியவன் தந்தை. அத்தந்தையோ வசந்தசேனையின் வசப்பட்டவன். மகன் குற்றமற்றவன் என்பது கொட்டகையிலுள்ள குழந்தைக்கும் தெரியும், அரியணைக்குத் தெரியாது. இக்காட்சிக்காகவே பயில்முறைக் குழுவினரும் தொழில்முறைக் கம்பெனியினரும் ஊர்தோறும் இந்நாடகத்தை ஆடினர். 1954இல் மு. கருணாநிதி உரையாடல் எழுத, சிவாஜி கணேசன் நடிக்க, அது திரைப்படமாய் வந்தபோதும் சங்கிலிக் காட்சியே மக்கள் நெஞ்சில் நின்றது. அதற்கு இரண்டாண்டு முன்னர் வந்த பராசக்தியின் நீதிமன்றக் காட்சியை அறியாத தமிழர் அரியர். அவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், தமிழ்ப்படத்து நீதிமன்றப் பேச்சு எம்மேடையிலிருந்து இறங்கி வந்தது என்பதை ஊகித்துக்கொள்வர்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களுள் அவர் தமிழாக்கியவற்றையும் நோக்குக. ஹாம்லெத் அமலாதித்யன் ஆயிற்று. சம்பந்தனார் தாமே அமலாதித்யனாய் நடித்தார். அந்நாடகத்தில் இளவரசன், தந்தையைக் கொன்றவன் சிற்றப்பனே என்பதற்குச் சான்று தேடுகின்றான். சாட்சியாய் வந்தது ஓர் ஆவி. ஆவியைக் கூண்டில் ஏற்ற இயலாது. ஆகவே கூத்தரை அழைத்து, கொலையை நாடகமாக ஆடச் செய்து, அரசன் முகத்தில் தோன்றும் குறிப்பையே சான்றாகக் கொள்கின்றான். சான்று கூறத் தகாதவர் எனத் தரும நூல் ஒதுக்கிய கூத்தர், இங்கே உண்மையை வெளிக்கொணரும் கருவியாகின்றனர். சட்டமும் நாடகமும் அறிந்த ஒருவர் இவ்விடத்தை மொழிபெயர்க்கும்போது சிறிது புன்னகை புரிந்திருக்கமாட்டாரா?

வெனிஸ் நகர வணிகன் கதை வாணீபுர வணிகன் ஆயிற்று. கடன் முறியில் எழுதியவாறே ஒரு இறாத்தல் தசை வேண்டும் என்று வழக்காடுபவனை, தசை உண்டு, குருதி இல்லை என்று மடக்கும் காட்சியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அம்மடக்கைச் செய்பவள் வழக்கறிஞர் வேடம் பூண்ட ஒரு பெண். பெண் வேடத்தையும் ஆடவரே தாங்கிய காலம் அது. ஆண் பெண்ணாகி, அப்பெண் மீண்டும் ஆண் வழக்கறிஞராகி நிற்க, உண்மை வழக்கறிஞர் பலர் கொட்டகையிலிருந்து அதனைப் பார்த்திருந்தனர்!

பெண் வேடத்தில் ஒப்பாரின்றி விளங்கியவர் ரங்கவடிவேலு. சம்பந்தனார் நாயகனாயின் அவரே நாயகி என்பது சபையின் எழுதா விதி. 1923இல் ரங்கவடிவேலு மறைந்தார். அந்த இழப்பைச் சம்பந்தனார் எளிதில் ஆற்றிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டிலே, 1924இல், சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாய் அமர்ந்தார். 1928 வரை அப்பணியில் இருந்தார். அப்பதவி அவரை மேடையிலிருந்து இறக்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

சிறு வழக்கு மன்றிலே கொலை இல்லை, சதி இல்லை. வாடகைப் பாக்கியும் சில்லறைக் கடனுமே உண்டு. அங்கே சிலம்பு உடைவதில்லை. இதனை யான் சிறிது அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலி வழக்கிற் சான்று கூற அழைக்கப்பெற்று, நீதிமன்றமொன்றின் வாங்கில் ஆறு தவணை அமர்ந்திருந்தேன். ஏழாம் தவணையில் இருதிறத்தாரும் சமாதானமாயினர். என் சாட்சியம் என் வாயிலேயே தங்கிற்று. பெரி மேசன் தொடரிலே உண்மைக் குற்றவாளி மன்றிலேயே மனம் உடைந்து ஒப்புக்கொள்கின்றான். மெய்யான மன்றில் ஒருவரும் அங்ஙனம் உடைவதில்லை. நாடகத்திலே எல்லாம் அறிந்தவராய் நாம் அமர்ந்திருக்கின்றோம். நீதிபதியோ ஒன்றும் அறியாதவராய் அமர்ந்து, இருவர் சொல்லும் கதையுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவர். பகலில் அவ்வறியாமையைச் சுமந்தவர் இரவிலே எல்லாம் தெளிவாகும் மேடையை நாடியது இயல்பே. அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, பொய்யே பேசுவதை நோன்பாகக் கொண்ட மன்னனைப் படைத்து, சந்திரஹரி என்று பெயரிட்ட குறும்பும், நாள்தோறும் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுப் பேசுவோரைக் கேட்ட செவிக்கே உரியது.

சுகுண விலாச சபையார் கடல் கடந்து ஈழத்துக்கும் வந்து நாடகம் ஆடினர். நம் நாட்டுக் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தனாரையே குருவாகக் கொண்டார். வாணீபுர வணிகனிலே முறி காட்டி நிற்கும் அவ்வணிகனாகச் சொர்ணலிங்கம் நடித்த நடிப்பை ஈழத்து நாடக வரலாறு எழுதுவோர் இன்றும் எடுத்துரைப்பர். அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாரும் மலிந்த யாழ்ப்பாணத்தில் அந்நீதிமன்றக் காட்சிக்குச் சுவைஞர் குறைவுபட்டிருக்கமாட்டார்.

எஞ்சிய வரலாறு சுருங்கக் கூறத்தக்கது. ஓய்வு பெற்றபின் பேசும்படத்திலும் புகுந்தார். நாடக மேடை நினைவுகள் என்னும் நூலைப் பல பாகங்களாக எழுதினார். பழைய மேடையை அறிய விரும்புவார்க்கு அதனினும் நல்ல சாட்சியம் வேறில்லை. தம் தோல்விகளையும் மறையாது அதில் எழுதியிருக்கின்றார். சபாபதி என்னும் நகை நாடகம் 1941இற் படமாயிற்று. தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள் அவர் பெயரில் உள்ளன; எல்லாம் நிலைக்குமென்று யான் கூறேன், பத்து நிலைத்தாலும் போதும். 1959இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. 1964 செப்டெம்பர் 24ஆம் நாள், தொண்ணூற்றோராம் அகவையில் மறைந்தார்.

முற்கூறிய மாணவன் இவ்வாண்டுத் தமிழ்விழாவில் வாணீபுர வணிகனின் நீதிமன்றக் காட்சியை ஆட விரும்பினான். சென்ற வாரம் அவன் தந்தையார் மலையிறங்கி என் இல்லத்துக்கு வந்தார். தோட்டத்தில் தொழில் செய்பவர். மகன் சட்டம் பயின்று வழக்கறிஞனாக வேண்டும் என்பது அவர் கனவு. வேடம் கட்டி ஆடிய பிள்ளையை நாளை நீதிமன்றத்தில் மதிப்பார்களா, ஐயா, என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டிலே கிழவி ஒப்பவில்லை என்றும் சொன்னார். தேநீர் ஆறும் வரை சம்பந்தனார் கதையை அவருக்குச் சொன்னேன். கேட்டு முடித்தவர், அவர் நீதிபதியாக இருந்தபோதும் ஆடினாரா என்று மறுபடியும் வினவி உறுதி செய்துகொண்டார். ஒத்திகை வருகின்ற வியாழக்கிழமை தொடங்குகின்றது.