கோவை தந்த முதல் நிதி மந்திரி
சர் ஆர். கே. சண்முகம் செட்டியாரின் வாழ்க்கை

நாட்டை ஆளுவதற்கு அறிவும் திறமையும் மட்டும் போதுமா? ஆளப்படும் மக்களின் சம்மதமும் வேண்டுமா? அரசியல் சாஸ்திரம் தோன்றிய நாள் முதல் இருந்து வரும் கேள்வி இது. இதற்கு ஏட்டில் விடை தேடியவர்கள் பலர். இருவிதமான ஆட்சியிலும் பதவி வகித்து, இரண்டின் பலாபலன்களையும் நேரில் அனுபவித்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் கோயமுத்தூர் தந்த சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

நகரசபையில் ஆரம்பம்

1892-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி கோவையில் ஒரு வாணிபக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். ஆனால் வக்கீல் தொழிலைவிடப் பொது வாழ்வே அவரை ஈர்த்தது. 1917-இல் கோவை நகரசபையில் அங்கத்தினரானார்; பின்னர் அதன் உபதலைவராகவும் விளங்கினார். சிறுவாணித் தண்ணீர் வந்து சேராத காலம் அது. குடிநீருக்கே திண்டாடிய ஊரில் நகரசபை அங்கத்தினராக இருப்பது இலேசான காரியமல்ல.

1920-இல் ஜஸ்டிஸ் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். பின்னர் சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து, டில்லி மத்திய சட்டசபையில் அக்கட்சியின் கொறடாவாகப் பணியாற்றினார். 1931-இல் அச்சபையின் உபதலைவர், 1933-இல் தலைவர். அவ்வாண்டிலேயே ‘சர்’ பட்டமும் கிடைத்தது.

ஒட்டாவாவும் தோல்வியும்

1932-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருளாதார மகாநாடு கூடியது. இந்தியப் பிரதிநிதிகளில் செட்டியாரும் ஒருவர். சாம்ராஜ்ய நாடுகள் ஒன்றுக்கொன்று சுங்க வரியில் சலுகை காட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் அங்கே உருவாயிற்று. இந்தியாவுக்கும் அதனால் ஆதாயம் உண்டு என்பது அவருடைய கணக்கு. பிரிட்டிஷ் சரக்குக்கு வாசலைத் திறந்துவிடும் ஏற்பாடு என்பது தேசியவாதிகளின் கருத்து. 1934 தேர்தலில் காங்கிரஸ் அபேட்சகர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் அவர் தோற்றுப் போனார். சபையின் தலைவராக வீற்றிருந்தவர் சாதாரண அங்கத்தினராகக்கூட அதனுள் நுழைய முடியாமற் போயிற்று.

கொச்சித் திவான்

ஜனங்கள் கைவிட்டவரை மன்னர் அழைத்தார். 1935-இல் செட்டியார் கொச்சி சமஸ்தானத்தின் திவானானார். அங்கே சட்டசபை ஒன்று இருந்தது. ஆனால் திவானை நீக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. மகாராஜாவின் நம்பிக்கையும் பிரிட்டிஷாரின் ஆதரவும் இருந்தால் போதும்.

நிர்வாகத் திறமைக்கு அங்கே தடை இல்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினீயரின் உழைப்பால் உருவாகி வந்த கொச்சித் துறைமுகம் செட்டியார் காலத்தில் நன்கு வளர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குக் கடல் வாசலாக அமைந்தது அத்துறைமுகமே.

ஆனால் 1936-இல் திருச்சூர் நகரம் கொந்தளித்தது. அந்நகருக்கு மின்சாரம் வழங்கும் உரிமையைத் திவான் ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். பொதுச் சொத்தாக இருக்க வேண்டியதைத் தனியாரிடம் ஒப்படைப்பதா என்று ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இக்கண்ட வாரியர், டாக்டர் ஏ. ஆர். மேனன் முதலியோர் முன்னின்றார்கள். கடையடைப்பும் கூட்டங்களும் நடந்தன. எனினும் திவான் தம் முடிவை மாற்றவில்லை. மாற்றும்படி அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் வழியும் இல்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அவரையும் எதேச்சாதிகாரிகளின் வரிசையில் சேர்த்துவிடலாம். 1938-இல் கொச்சியில் இரட்டை ஆட்சிமுறை வந்தது. சில இலாகாக்கள் சட்டசபைக்குப் பொறுப்பான ஒரு மந்திரியிடம் ஒப்படைக்கப்பட்டன. இந்திய சமஸ்தானங்களில் முதன்முதலாக நடந்த ஏற்பாடு இது. முதல் மந்திரி அம்பாட்டு சிவராம மேனன் அவ்வாண்டிலேயே காலமானார். அவருக்குப் பின் பதவியேற்றவர் யார் தெரியுமா? திருச்சூரில் திவானை எதிர்த்துக் கிளம்பிய அதே டாக்டர் ஏ. ஆர். மேனன்! எதிர்ப்பாளரைச் சகாவாக ஏற்று ஒரே அரசாங்கத்தில் திவான் பணிபுரிந்தார்.

அந்த 1938-ஆம் ஆண்டில்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கி, செக்கோஸ்லோவாக்கியாவின் மீதும் கை வைத்தான். அவ்வாண்டு ஜினீவாவில் சர்வதேச சங்கத்துக்கு இந்தியப் பிரதிநிதியாகச் சென்றிருந்தார் செட்டியார். சர்வாதிகாரிகள் அதிகாரத்தைக் குவித்துக்கொண்டிருந்த வேளையில், தென்கோடியில் ஒரு சிறு சமஸ்தானம் அதில் ஒரு பங்கைச் சட்டசபைக்கு விட்டுக்கொடுத்திருந்தது.

பட்ஜெட்டும் ராஜினாமாவும்

1941-இல் திவான் பதவியை விட்டார். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடின. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் உருவாக வழிவகுத்த அம்மகாநாட்டில் செட்டியாரும் இந்தியப் பிரதிநிதியாக இருந்தார். யுத்த காலத்தில் பிரிட்டன் இந்தியாவுக்குப் பட்ட பெருங்கடன் பற்றி இந்தியப் பிரதிநிதிகள் அங்கே வாதாடினார்கள், பலிக்கவில்லை.

1947 ஆகஸ்டில் நேரு அமைத்த மந்திரிசபையில் அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி போன்று காங்கிரசைச் சேராதவர்களும் இடம் பெற்றனர். நிதி இலாகா செட்டியாருக்குக் கிடைத்தது. நவம்பர் 26-ந் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர் சமர்ப்பித்தார். ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். செலவில் ஏறக்குறையப் பாதி ராணுவத்துக்கே போயிற்று. தேசப் பிரிவினையின் ரணம் ஆறாத நேரம் அல்லவா?

யுத்த காலத்தில் கொள்ளை லாபம் அடித்து வரி ஏய்த்தவர்களை விசாரிக்க அப்போது ஒரு கமிஷன் இயங்கி வந்தது. அதனிடம் அனுப்பப்பட்ட வழக்குகளில் சில திரும்பப் பெறப்பட்டதாகத் தெரிய வந்ததும் சட்டசபையில் பலத்த கண்டனம் எழுந்தது. இலாகாவின் செயலுக்கு மந்திரியே பொறுப்பு. 1948 ஆகஸ்டில் செட்டியார் ராஜினாமா செய்தார். ஜான் மத்தாய் அவருடைய இடத்துக்கு வந்தார்.

திருச்சூரில் ஒரு நகரமே திரண்டும் திவானின் முடிவை அசைக்க முடியவில்லை. டில்லியில் சட்டசபையின் கேள்விகளே மந்திரியைப் பதவியிலிருந்து இறக்கின. ஆள் ஒருவரே, அறிவும் ஒன்றே. ஆட்சிமுறைதான் வேறு.

தமிழ்ப் பணி

அரசியலுக்கு அப்பாலும் அவருக்கு ஓர் உலகம் இருந்தது. 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் முதல் தலைவராக இருந்து, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருடன் தமிழிசைக்கு உழைத்தார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதி வெளியிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் சில காலம் இருந்தார். 1953 மே 5-ந் தேதி அவர் காலமானார்.

திறமைசாலிகள் எந்த ஆட்சியிலும் கிடைப்பார்கள். தவறு நேர்ந்தால் அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை ஜனநாயகத்தில்தான் மக்களுக்கு உண்டு. அந்த உரிமைக்குத் தலை வணங்கிப் பதவியை விட்டிறங்கியதும் சர் சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவுக்குச் செய்த தொண்டுகளில் ஒன்றாகும்.